ஜெனரலின் மலையும் அண்ணையின் பக்கமும்

தம்பி,

உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னைக் காருக்குள் தள்ளி ஏற்றிக்கொண்டு போன அப்பன் நான்தானே. ஆனாலும் இதை ஆங்கிலத்தில் எழுத என்னால் முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு எதுவும் வேலைக்குப் போட்ட விண்ணப்பம் மாதிரித்தான் வருகிறது. மெதுவாக வாசி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் எடுக்காதே. கேள்வி கேட்டால் பதில் சொல்லுகிற தெம்பு இப்போது என்னிடம் இல்லை.

போன ஞாயிறு நீ மெல்பேர்னில் இருந்து ஃபோன் எடுத்துக் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டேன். உனக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. அதனால் கலியாணத்துக்கு அபிராமியைத் தோழியாக நிற்கச் சொல்லிக் கேட்டாயாம்; தாலி கட்டும்போது உனக்குப் பின்னால் நின்று முடிச்சுக்குக் கை கொடுக்க அவள்தான் வேண்டுமாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. அவள் என் அண்ணையின் ஒரே மகள். நீ நடை பழகியதே அவளுடைய விரலைப் பிடித்துத்தான். ஆனால் அவள் மாட்டேன் என்றுவிட்டாள். “எங்கட அப்பாவே என்ர பேரை வெட்டினவர். நான் எந்த முறையில அங்க வந்து நிக்கிறது, தம்பி?” என்று கேட்டாளாம். பெரியப்பா ஏன் அப்படிச் செய்தவர் என்று நீ என்னைக் கேட்டாய். லைன் கிளியர் இல்லை, பிறகு கதைப்போம் என்று வைத்துவிட்டேன். லைன் நல்ல கிளியராகத்தான் இருந்தது.

பெரியப்பா வெட்டவில்லை, தம்பி. நான்தான் வெட்டினேன். இதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். கடைசிவரைக்கும் போனால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

உன் பெரியப்பாவை உனக்கு மலைக்காரராகத்தான் ஞாபகம் இருக்கும். ஊரில் நில அளவையாளராக இருந்த மனிதர், இங்கே வந்து அந்தப் படிப்புக்கு மதிப்பில்லாமல் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்தார். பக்கத்து மெஷினில் ஸ்டான் என்று ஒரு போலந்துக்காரக் கிழவர். அவர்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஜெனரலின் கதையை அண்ணைக்குச் சொன்னவர். இந்த நாட்டின் ஆக உயரமான மலைக்கு ஒரு போலந்து ஜெனரலின் பெயர்தான் வைத்திருக்கிறது, இவங்கள் ஏறி இறங்குகிறார்களே தவிர ஒருத்தனுக்கும் அந்த மனிதர் யாரென்று தெரியாது என்று ஸ்டானுக்கு ஒரே குறை. அந்தக் குறை அண்ணைக்கும் தொற்றிவிட்டது. அன்றிலிருந்து ஊரில் இருந்து புதிதாக வந்து இறங்குகிற எல்லோரையும் ஒரு தைமாத விடுமுறைக்குள் கொசியஸ்கோ மலைக்கு ஏற்றாமல் விடமாட்டார். முதல்நாளே புட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பை வற்ற வைத்துப் பொதி கட்ட வேண்டும். மலையடியில், திரெட்போவில், கம்பியில் தொங்குகிற அந்தக் கதிரை லிஃப்டில் ஏற உன் அம்மா ஒவ்வொரு வருசமும் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவாள். பிறகு இரும்புத் தட்டிப் பாதையில் இரண்டு மணிநேர நடை, முகமெல்லாம் இலையான் மொய்க்கும். உச்சியில் எல்லோரையும் இருத்தி வைத்துவிட்டு அண்ணை பிரசங்கம் தொடங்குவார்.

பிறத்தியான் நாடான அமெரிக்காவுக்குப் போய், அவர்களுடைய விடுதலைக்காக ஆற்றங்கரையில் கோட்டை கட்டிக் கொடுத்த இன்ஜினியர். திரும்பி வந்து தன் நாட்டுக்காக எழும்பியபோது, அரிவாள் பிடித்த குடியானவர்களைப் படையில் சேர்த்து, அவர்களுடைய மேலங்கியைத் தானும் போட்டுக்கொண்டு நின்றவர். தோற்று, காயப்பட்டு, ரஷ்யாக்காரனின் சிறையில் கிடந்து, கடைசியில் அந்நிய நாட்டில் கண் மூடியவர். அதற்குப் பிறகுதான் அவரைப் போலந்து அரசர்களின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சனம் யுத்தம் நடந்த இடங்களில் இருந்து மண் கொண்டுவந்து கொட்டி அவருக்கு ஒரு மேடு எழுப்பியது. இந்தப் பக்கம் பயணம் வந்த இன்னொரு போலந்துக்காரனுக்கு இந்த மலையைப் பார்க்க அந்த மண்மேடு மாதிரி இருந்ததாம். அப்படி வந்த பெயர். உனக்கு எட்டு வயது இருக்கும், பிரசங்கத்துக்கு நடுவில், அவர் இங்கே வந்தாரா என்று கேட்டாய். இல்லை என்றார் அண்ணை. அப்படியானால் இங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் இந்த மலையை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று கேட்டாய். அண்ணை பொதியை அவிழ்த்தார். புட்டைச் சாப்பிடு என்றார்.

அபிராமி சுதனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்ற வருசத்தோடு அந்தப் பயணம் நின்றது. உங்களுக்கெல்லாம் அது ஏன் என்று அப்போது சொல்லவில்லை. பெரிய ஆக்கள் ஏதோ கோபம் என்று பூசி மெழுகினோம். சுதன் நல்ல பொடியன். எலெக்ட்ரீசியன், குடி கிடையாது, தமிழன், சைவன், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். குறை என்னவென்றால், ஊரில் அவனுடைய பாட்டன் பூட்டனை எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடமாட்டோம். அவ்வளவுதான், தம்பி. எழுதவே கை கூசுகிறது, ஆனால் உனக்கு விளங்கவேண்டும். கடல் கடந்து வந்து, வென்ட்வேர்த்வில்லில் எல்லோரும் ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அந்தக் கிணற்றை மட்டும் கூடவே கொண்டுவந்திருந்தோம். அண்ணை அவளை வீட்டுக்கு வராதே என்றார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். அண்ணை என்னைப் பார்த்து, “நான் சொல்லுறது சரிதானே?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

அவள் மெல்பேர்னுக்குப் போய், பொயிண்ட் குக்கில் வீடு வாங்கி, மகன் ஆதவன் பிறந்து, எல்லாம் எங்களுக்கு மற்றவர்களின் வாயால்தான் வந்தது. உன் பெரியம்மாவும் அந்த ஏக்கத்திலேயே போய்விட்டா. வேலையை விட்ட பிறகு அண்ணைக்கு நூலகம்தான் கதி. ஒருநாள் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் எனக்கு முன்னால் வந்து இருந்தார், ரோல்ஸ் ஆறுகிறது, கையே வைக்கவில்லை. இவ்வளவு வருசமாக அந்த ஜெனரலின் பாதிக் கதையைத்தான் மலையில் நின்று சொல்லியிருக்கிறேன் என்றார். மீதிக் கதையை அன்றுதான் வாசித்திருக்கிறார்.

அமெரிக்கா தனக்குத் தரவேண்டியிருந்த சம்பளத்தை ஜெனரல் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அதை வைத்து அங்கே அடிமைகளாக இருந்தவர்களை மீட்டு, அவர்களுக்குப் படிப்புக் கொடுக்கவேண்டும் என்று கைப்பட உயில் எழுதி, நம்பிக்கையான சிநேகிதர் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சிநேகிதர் லேசுப்பட்ட ஆள் இல்லை, அந்த நாட்டுக்கே ஜனாதிபதியாக இருந்தவர். ஜெனரல் செத்த பிறகு அவர் அதைச் செய்யவில்லை. எனக்கு வயது போய்விட்டது, என்னால் முடியாது என்று கையைக் கழுவி விட்டார். உயில் கோர்ட்டுக்குப் போய் வருசக்கணக்காக இழுபட்டு, கடைசியில் அந்த எழுத்தால் ஒரு ஆள்கூட விடுதலையாகவில்லை. அண்ணை இதைச் சொல்லிவிட்டு, “மலை குடுத்தாங்கள், சிலை வச்சாங்கள். அந்தாள் கேட்டது ஒண்டு. அதை ஒருத்தனும் செய்யேல்லை” என்றார். பிறகு, “நான் ஆரை மனுசராய் எண்ணினனான் எண்டு யோசிச்சுப் பார்த்தன்” என்றார்.  நான் ரோல்ஸை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் படுத்த கடைசிக் கிழமைகளில் நான் எத்தனையோ தரம் சொன்னேன், பிள்ளைக்கு ஒரு ஃபோன் எடுங்கோ அண்ணை என்று. வெட்கமாக இருக்கிறது என்றார். என்னத்தைச் சொல்லித் தொடங்குவது என்றார். சும்மா சொல்லக்கூடாது, அந்த விசயத்தில் உன் பெரியப்பாவும் கோழைதான். அதற்குப் பதிலாக வேறொன்று செய்தார். எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அடித்து, வருகிற சனத்துக்குக் கொடுப்போம் அல்லவா. இன்னாரின் மகன், இன்னாரின் தகப்பன், இன்னாரின் மாமன் என்று உறவு முழுவதும் அதில் வரும். அந்தப் பக்கத்தை அண்ணை தானே எழுதினார். கட்டம் போட்ட தாளில், அளவைப்படத்துக்கு எழுதுகிற அதே அச்சுப்போன்ற எழுத்து. அதில் அபிராமி, சுதன், ஆதவன் மூன்று பேரின் பெயரும் இருந்தது. சனம் பார்க்கத்தான் அவளைத் தள்ளி வைத்தேன், சனம் பார்க்க என் பெயரோடு அவள் பெயர் வரவேண்டும், அதை வாசித்தால் அவளுக்கு எல்லாம் விளங்கும் என்றார். தாளை என் கையில் தந்து, “இதில ஒரு எழுத்தும் மாறப்படாது. நீதான் பாக்கவேணும்” என்றார். ஓம் அண்ணை என்றேன்.

அவர் கண் மூடி மூன்றாம் நாள் ரொறன்ரோவில் இருந்து என் அக்கா, உன் மாமி, கல்வெட்டில் வரப்போகிற பெயர்களைக் கேள்விப்பட்டு ஃபோன் எடுத்தாள். எங்களுக்கெல்லாம் மூத்தவள், அவள் போடுகிற சத்தம் உனக்குத் தெரியும். அந்தப் பெயர்கள் வந்தால் தன் பெயரும் தன் பிள்ளைகளின் பெயரும் வரக்கூடாது, ஊர் முழுக்கப் புத்தகம் போகும், தன் பேத்திக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், பெயர் நாறிவிடும் என்றாள். அண்ணையே எழுதித் தந்தவர் என்று சொன்னேன். அவனுக்குக் கடைசியில் புத்தி தடுமாறிவிட்டது என்றாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஓம் அக்கா என்றேன். அச்சகத்தில் டைப் பண்ணுகிற பிள்ளை திரையைக் காட்டி, “மக்கள் எண்ட இடம் வெறுமையாக் கிடக்குது. அவ்வளவுதானா அங்கிள்?” என்று கேட்டது. அதற்கும் ஓம் என்றேன். ஒரே ஒரு பிள்ளை பெற்ற மனிதரைப் பிள்ளையில்லாதவராக அச்சடித்தேன்.

இன்னும் கேள். அட்டையில் அண்ணை மலை உச்சியில் நிற்கிற படத்தைப் போட்டேன். உள்ளே ஜெனரலைப் பற்றியும் அண்ணைக்கு அவர்மேல் இருந்த பக்தியைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதினேன். நல்ல எழுத்து என்று லண்டனில் இருந்தெல்லாம் எடுத்துப் பாராட்டினார்கள். உயிலைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

அந்த முப்பத்தோராம் நாள் மண்டபத்துக்கு அவள் வந்தது உனக்கு நினைவிருக்கும். கொள்ளி வைத்தவன் என்று நீ வேட்டியோடு முன்வரிசையில் இருந்தாய். அவளும் சுதனும் வாசலில் நின்றார்கள். புத்தகத்தை நான்தான் கொடுத்தேன். நின்றபடியே பக்கத்தைத் தேடி எடுத்தாள். மேலிருந்து கீழே ஒரு தரம், திரும்ப ஒரு தரம் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “சித்தப்பா, இது அப்பா எழுதினதோ?” என்று கேட்டாள். அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். உன் மாமி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள், சனம் சுற்றி நின்றது. ஓம் பிள்ளை என்றேன். அவள் புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன், அந்த வெட்கம் கெட்ட வாயால். வேண்டாம் சித்தப்பா என்று போய்விட்டாள்.

ஆறு வருசம் ஆகிறது. இந்த ஆறு வருசமும் அவள் தன் தகப்பன் தன்னைச் சாகும்போதும் மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு காலையில் எழும்பி, பிள்ளையைப் பள்ளிக்கு விட்டு, வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். நான் அந்தத் தாளை அலுமாரியில் பாஸ்போர்ட்டுகளுக்குக் கீழே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு வருசமும் நினைப்பேன். பிறகு, இனி என்னத்துக்குக் கிளறவேணும், எனக்கும் வயது போகிறது என்று விட்டுவிடுவேன். அந்த ஜனாதிபதி சொன்னதும் இதேதான் என்று ஒருநாள் கோயிலில் வரிசையில் நிற்கும்போது பொறி தட்டியது. மேய்ஸ் ஹில் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றவன், கும்பிடாமல் காருக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

நீ கட்டப்போகிற பிள்ளையின் வீட்டைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மலேசியாவில் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று ஒன்றும் இல்லை. அப்பா மாறிவிட்டார் என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாயாம். அது பெருந்தன்மை இல்லை, தம்பி. களைத்துப்போனேன், அவ்வளவுதான். இதில் மட்டும் எனக்குப் புண்ணியம் தராதே.

கலியாணம் கட்டப்போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். எல்லோருக்கும் நல்லவனாக இருக்கப் பார்க்காதே. என்னை எல்லோரும் நல்ல மனிசன், ஒருத்தரோடும் கொழுவமாட்டார், சண்டைக்குப் போகமாட்டார் என்பார்கள். நான் கொழுவாமல் விட்டதெல்லாம் வேறு யாரோ ஒருவரின் தலையில்தான் போய் இறங்கியிருக்கிறது. உன் மனிசி கேட்பதற்கும் நான் கேட்பதற்கும் ஒரே நேரத்தில் ஓம் சொல்லாதே. முடியாது என்றால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல். இரண்டு நாள் கோபிப்பார்கள், பிறகு சோறு போடுவார்கள்.

மேலே உள்ளதை மூன்று நாளைக்கு முன் எழுதி முடித்து, தபாலில் போடக் கவரும் வாங்கிவிட்டேன். ஒட்டப்போகும்போதுதான் புத்தியில் உறைத்தது, இதையும் நான் இன்னொருவன் தலையில் கட்டுகிறேன் என்று. நீ வாசித்துவிட்டு அவளிடம் ஓடுவாய், நான் வீட்டில் இருப்பேன். அதனால் நேற்றுக் காலை விமானத்தில் நானே மெல்பேர்னுக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் சேர்ட்டை அயர்ன் பண்ணித் தந்தாள்.

சுதன்தான் கதவைத் திறந்தான். உள்ளே வாங்கோ என்றான். குசினி மேசையில் இருத்தி, கேட்காமலே தேத்தண்ணி வைத்தான். நான் அவனுடைய வீட்டில் குடித்த முதல் தண்ணீர் அது. அபிராமி எனக்கு எதிரே இருந்தாள். முன்னுரை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். தாளை மட்டும் எடுத்து வைத்து, இதுதான் அப்பா எழுதினது, மாற்றினது நான் என்றேன். அவள் தகப்பனின் கையெழுத்தைக் கண்டவுடன் அறிந்துகொண்டாள். ஆதவனின் பெயரில் விரலை வைத்துக்கொண்டாள். பேரனை ஒருநாளும் காணாத மனிதர் அந்தப் பெயரைத்தான் ஆக அழகாக எழுதியிருந்தார்.

“நான் அப்பாவோட ஆறு வருசமாக் கோவம், சித்தப்பா,” என்றாள். “திவசத்துக்கு ஒரு விளக்குக் கொளுத்தேல்லை.” பிறகுதான் அழுதாள். சுதன் அவளுக்குப் பின்னால் போய் நின்றான். எனக்கு எழும்பிப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. மன்னித்துக்கொள் பிள்ளை என்று கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை, நீயும் சொல்ல வைக்க முயற்சி செய்யாதே. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சனத்துக்கு முன்னால என்னை இல்லாமல் செய்தனீங்கள். சனத்துக்கு முன்னாலதான் திருப்பித் தரவேணும். அப்பா எழுதினபடி அச்சடியுங்கோ. அண்டைக்கு ஆர் ஆருக்குக் குடுத்தனீங்களோ, அவ்வளவு பேருக்கும் குடுங்கோ. மாமிக்கும்தான். பிறகு நான் தம்பிக்குத் தோழியா வாறன்” என்றாள். விமான நிலையத்துக்குச் சுதன்தான் கொண்டுவந்து விட்டான்.  இறங்கும்போது, “கவனமாப் போங்கோ மாமா” என்றான். அந்த மாமா என்ற சொல்லைத் தாங்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

ஆகவே இந்தக் கடிதம் இனி உனக்கு மட்டும் இல்லை. இன்று காலை அதே அச்சகத்துக்குப் போனேன். புதிய கல்வெட்டின் முன்பக்கங்களில் இதை ஒரு எழுத்தும் குறைக்காமல் போடச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கிற சொந்தக்காரர்களே, முதல் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மாற்றியவன் நான். அண்ணை இல்லை.

மத்தியானம் ரொறன்ரோவுக்கு எடுத்து மாமியிடம் சொன்னேன். அப்படியானால் தன் பெயரை எடு என்று கத்தினாள். அண்ணை எழுதியதில் உங்களுடைய பெயரும் இருக்கிறது அக்கா, அதையும் என்னால் எடுக்க முடியாது என்றேன். எடுப்பாயா மாட்டாயா என்று மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் மாட்டேன் என்றேன்.  ஃபோனையும் நான்தான் முதலில் வைத்தேன்.

அடுத்த பக்கம் உன் பெரியப்பாவின் கையெழுத்து. அதை டைப் பண்ண விடவில்லை, அப்படியே படமாகப் பிடித்துப் போடச் சொன்னேன். படத்தில் எழுத்துத் தெளிவாக விழாவிட்டால் என்று, அதன் முதல் வரியை மட்டும் இங்கே பார்த்து எழுதுகிறேன்:

அன்னார், அபிராமியின் அன்புத் தந்தையும், சுதனின் அன்பு மாமனாரும், ஆதவனின் அன்பு அம்மப்பாவும் ஆவார்.